சுகந்தியின் பின்னேரப் போன்

என் தங்கை சுகந்தி பலாலியில் விமானத்தால் இறங்கி வந்து என்னிடம் சொன்ன முதல் வார்த்தை, "எப்பிடிக்கா இருக்கீங்க?" என்பது. முப்பது வருசத்துக்கு மேல் முகம் காணாத கூடப்பிறந்தவள். கட்டிப்பிடித்து அழ வேண்டிய நேரம். எனக்கோ அழுகைக்கு முன்னால் எரிச்சல் வந்தது. என் குணம் அப்படி, நான் என்ன செய்ய?

"என்னடி இது, இந்தியாவிலையிருந்து சேலை விக்க வந்தவள் மாதிரிக் கதைக்கிறாய்?" என்று கேட்டேன்.

அவள் சிரித்தாள். பிறகு அழுதாள். பிறகு நானும் அழுதேன். என் மனுசன் சில்வெஸ்ரர் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, அவளுடைய பெட்டியைத் தூக்கி வானுக்குள் வைத்தார். ஒரு பெட்டிதான். ஒரு சீவியம் முழுவதும் அதற்குள் அடங்கிப் போயிருந்தது.

தொண்ணூறாம் ஆண்டுச் சண்டையில் எங்கள் ஊர்காவற்துறைச் சனம் நாலு திசைக்கும் சிதறியபோது, சுகந்தியும் புருசனும் வள்ளத்தில் ஏறி இராமேஸ்வரம் போனார்கள். நானும் சில்வெஸ்ரரும் அம்மாவைக் கூட்டிக்கொண்டு யாழ்ப்பாணம், வன்னி என்று இழுபட்டு, கடைசியில் ஊருக்கே திரும்பி வந்தோம். அவள் மண்டபம் அகதிக் காம்பில் தொடங்கி வேறு வேறு காம்புகளில் இருந்தாள். அங்கேயே பிள்ளை பெற்றாள். அங்கேயே புருசனைப் புதைத்தாள். மகன் டிலோனுக்கு அங்கேயே கலியாணமும் நடந்தது. அவனுக்கு இந்தத் தீவு தாய் சொல்லிக் கேட்ட ஒரு பெயர் மட்டும்தான். தான் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டான்.

காம்பில் பெயரை வெட்டிவிட்டு வந்தவர்கள் திரும்பிப் போவது லேசான காரியம் இல்லை. மகனை இனி எப்போது பார்ப்பாள் என்று அவளுக்கே தெரியாது. எல்லாம் தெரிந்துகொண்டுதான் வந்தாள். அவள் வந்தது ஒன்றே ஒன்றுக்காக. அம்மா கண்ணை மூடுவதற்குள், பக்கத்தில் இருந்து, அம்மாவின் வாயால் "சுகந்தி" என்று கூப்பிடுவதை ஒருதரம் கேட்க வேண்டும்.

அம்மாவுக்கு, ஊரில் பிலோமினம்மா என்றால் எல்லோருக்கும் தெரியும், சீனி வருத்தம் கண்ணைத் தின்றுவிட்டது. வெளிச்சமும் நிழலும் மட்டும்தான் தெரியும். நினைவும் வரும், போகும். சில நாள் என்னையே செத்துப்போன தன் தங்கச்சி என்று நினைத்து, "உன்ரை புருசன் இப்பவும் குடிக்கிறானோ?" என்று கேட்பார். சில்வெஸ்ரரைப் பார்த்து நான் சிரிப்பேன். அவர் சிரிக்கமாட்டார்.

ஆனால் ஒன்றை மட்டும் அம்மா மறக்கவில்லை. பின்னேரம் சுகந்தி போன் எடுப்பாள் என்பதை. முந்தி, யாழ்ப்பாணத்துப் போன் கடையொன்றில் போய்க் காவல் கிடந்து கதைத்த காலம் போய், பிறகு கையில் போன் வந்த நாளிலிருந்து, தேத்தண்ணி குடித்து முடிய அந்த மணி அடிக்கும். அம்மா போனைக் காதோடு வைத்து அழுத்திக்கொள்வார். படம் தெரிகிற மாதிரி எடுத்தாலும் காதுக்குத்தான் கொண்டுபோவார். கண் தெரியாத மனுசிக்குப் படம் எதற்கு? கதைத்து முடிந்ததும் எங்களிடம் சுகந்தியைப் போலப் பேசிக் காட்டுவார். "ஆமாம்மா, சாப்டேம்மா, சரிம்மா வச்சிடட்டா... என்ரை பிள்ளை கதைக்கிற கதையைப் பாருங்கோவன்!" என்று சொல்லி நெஞ்சு குலுங்கச் சிரிப்பார்.

அதை நான் நக்கல் என்று நினைத்தேன். பிள்ளை மாறிப்போன கவலையை மனுசி சிரித்து மறைக்கிறது என்று நினைத்தேன்.

அதோடு இன்னொன்றும் இருந்தது. சுகந்தி வருவதற்குக் கொஞ்ச நாள் முன்னால்தான் அக்கரை இழுவைப்படகு றோலர்காரர் இரவோடிரவாக வந்து சில்வெஸ்ரரின் வலையை அறுத்து இழுத்துக்கொண்டு போயிருந்தார்கள். மிச்சமாக வந்த துண்டைத் தடவிப் பார்த்த அம்மா, "இந்தியாக்காரன் நாசமாப் போவான்" என்று மண் அள்ளித் திட்டினார். எங்கள் கரையில் அந்தத் தமிழைக் கேட்டாலே சனத்துக்கு வயிறு பற்றி எரியும். இவள் வந்து அதே தமிழில் அம்மாவுக்கு முன்னால் வாய் திறந்தால் என்ன ஆகும்? என் பயம் எனக்கு.

ஆகவே வானுக்குள்ளேயே தொடங்கிவிட்டேன்.

"இஞ்சை பார். அம்மாவுக்கு முன்னாலை உந்த ஆமா, போமா ஒண்டும் வேண்டாம். ஊரை விட்டுப் போகேக்கை எப்பிடிக் கதைச்சனியோ, அப்பிடிக் கதை. அப்பதான் அவவுக்குப் பிடிபடும்."

"மறந்துருச்சேக்கா."

"என்னது?"

"மறந்து... போச்சுது அக்கா."

"அப்பிடி வா வழிக்கு. சேரை என்னெண்டு சொல்லுவாய்?"

"கதிரை."

"பீரோ?"

"அலுமாரி." அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "டவல், துவாய். சாவி, திறப்பு. கிச்சன், குசினி. எல்லாம் வருதுக்கா. என்ன, யோசிச்சு யோசிச்சு வருது."

முன் சீட்டில் இருந்த சில்வெஸ்ரர் திரும்பினார். "விடுமப்பா, பிள்ளை இப்பதான் வந்து இறங்கியிருக்கு. கதிரை, அலுமாரி, குசினி எல்லாம் பறங்கி குடுத்திட்டுப் போனது. பறங்கியன்ரை சொல்லை அரிவரி மாதிரிப் படிப்பிச்சுக்கொண்டு, இராமேஸ்வரத்தான்ரை சொல்லுக்குக் கோவிக்கிறீர்."

"பறங்கி உங்கடை வலையை அறுத்தவனோ?" என்று கேட்டேன்.

"அவன் வேறை கனக்க அறுத்தவன்," என்றார். வான்காரப் பெடியன் கூடச் சிரித்தான். சாட்டிக் கடற்கரை தெரிந்ததும் சுகந்தி சிரிப்பை நிறுத்திவிட்டுக் கண்ணாடியோடு முகத்தை ஒட்டிக்கொண்டாள். அதற்குப் பிறகு வீடு வரும் வரைக்கும் அவளை நான் ஒன்றும் கேட்கவில்லை.

வீட்டில் அம்மா விறாந்தைக் கட்டிலில் இருந்தார். சுகந்தி படலையைத் திறந்துகொண்டு ஓடப் பார்த்தாள். நான் கையைப் பிடித்து, காதுக்குள், "நான் சொன்னது ஞாபகம்" என்றேன். அதைச் சொல்லாமல் விட்டிருந்தால்! என் நாக்கில் அந்த நேரம் ஏதாவது கடித்திருக்கக் கூடாதா?

அவள் மெல்ல நடந்து போனாள். முழங்காலில் நின்று அம்மாவின் கைகளைப் பிடித்தாள். அழுகையையும் அடக்கி, சொல்லையும் தேடி, பாடம் ஒப்புவிக்கிற பிள்ளை மாதிரி ஒவ்வொன்றாகச் சொன்னாள்.

"அம்மா. நான் சுகந்தி. வந்திருக்கிறன்."

அம்மா தலையைச் சரித்துக் கேட்டார். பிறகு மரியாதையாகச் சிரித்தார்.

"ஆர் பிள்ளை நீர்?"

பெற்ற பிள்ளையை, யாரோ வேற்றாளைப் போல நீர் என்கிறாரே! "எணை அம்மா, சுகந்தியணை! உன்ரை மகள்! இந்தியாவிலையிருந்து வந்திட்டாள்!" என்று கத்தினேன்.

"ஏன் கத்துறாய்? எனக்குக் கண்தான் தெரியாது," என்றார் அம்மா. "சுகந்தி இந்தியாவிலை. பின்னேரம் போன் எடுப்பாள். இந்தப் பிள்ளைக்குத் தேத்தண்ணி குடு."

முதல் நாள்தானே, மனுசி குழம்பிப் போய்விட்டது, நாளைக்குச் சரியாகும் என்று சொல்லிச் சுகந்தியைத் தேற்றினேன். அடுத்த நாளும் சரியாகவில்லை.

சுகந்தி அம்மாவைக் குளிப்பாட்டினாள். தலை வாரி இழுத்துவிட்டாள். கஞ்சி பருக்கினாள். இரவில் பக்கத்தில் பாய் போட்டுப் படுத்தாள். அம்மாவுக்கு அவளை நன்றாகப் பிடித்துவிட்டது. கோயிலால் வருகிற சனத்திடமெல்லாம், "சில்வெஸ்ரர் எனக்கு ஆள் வைச்சிருக்கிறார். நல்ல பிள்ளை. கை பஞ்சு மாதிரி. பாவம், கொஞ்சம் யோசிச்சு யோசிச்சுத்தான் கதைக்கும்" என்று சொன்னார். சுகந்தி அதைக் கேட்டுக்கொண்டு தேத்தண்ணிப் பேணியைக் கழுவுவாள்.

எனக்கு அது பொறுக்கவில்லை. இவளுடைய தமிழ் இன்னும் திருந்தவில்லை, அதுதான் காரணம் என்று பிடிவாதமாக நம்பினேன். ஆகவே குசினியில் வைத்துப் பிழிந்து எடுத்தேன். அவள் "ஆமா" என்றால் அகப்பையால் சட்டியில் ஒரு தட்டு. "ரொம்ப" என்றால் ஒரு தட்டு. "கனக்க எண்டு சொல்லடி!" "ஓம்க்கா." "ஓமக்கா! ஓம்க்கா இல்லை!" மீன் வாங்கப் போன இடத்தில், "இது எவ்ளோ?" என்று கேட்டுவிட்டாள் என்று பெண்டுகள் பகிடி பண்ணினார்கள். அன்றைக்கு அவளுக்கும் மானம் போய்விட்டது. அதற்குப் பிறகு அவளும் வைராக்கியமாகப் பழகினாள். கொஞ்சக் காலத்தில் ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து வெளியே வந்து, "நான் நேற்றே வருவமெண்டு இருந்தனான், அம்மாவை விட்டிட்டு வர ஏலாமல் போச்சு" என்று அவள் சொன்னதைக் கேட்டால், ஊருக்குள்ளேயே இருந்தவள் என்றுதான் யாரும் நினைப்பார்கள். எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

அவளுடைய தமிழ் வடிவாக வர வர, அம்மா அவளிடமிருந்து தூரப் போய்க்கொண்டிருந்தார். அதை நான் கவனிக்கவில்லை. சுகந்தி கவனித்திருப்பாள். ஆனால் என் வாய்க்குப் பயந்து ஒன்றும் சொல்லவில்லை.

பின்னேரம் வந்தால் அம்மாவின் தொந்தரவு தொடங்கும். "போனைத் தாங்கோ." கொடுப்போம். மடியில் வைத்துக்கொண்டு தடவித் தடவி இருப்பார். "மணி அடிக்கேல்லையே?" "இல்லையணை, அடிக்காது. அவள்தான் வந்திட்டாளே, இந்தா உனக்குப் பக்கத்திலை இருக்கிறாள்." "விசர்க் கதை கதையாதை." சுகந்தி பக்கத்தில் இருந்து, "அம்மா, நான்தான், இஞ்சை பாருங்கோ" என்பாள். அம்மா அவளுடைய கையைத் தட்டிக்கொடுத்து, "நீர் போய்ச் சாப்பிடும் பிள்ளை" என்பார். இருட்டும் வரை போன் மடியிலேயே கிடக்கும்.

பிறகு அம்மா சாப்பாட்டைக் குறைத்தார். பிறகு செபமாலையை விடாமல் பிடித்துக்கொண்டார். ஒரு நாள் காலமை என்னைக் கூப்பிட்டு, மெல்லிய குரலில், "ஜோசப்பின், சுகந்திக்கு ஒரு துக்கப் பூசை குடுக்க வேணும்" என்றார்.

"உயிரோடை இருக்கிறவளுக்கு என்ன பூசையணை?"

"நீங்கள் ஒளிக்கிறியள். எனக்கு விளங்காதோ? மழையெண்டாலும் புயலெண்டாலும் எடுக்கிற பிள்ளை. எங்கை, ஏன் இப்ப எடுக்கேல்லை? அவள் செத்துப்போனாள். என்னட்டைச் சொல்லப் பயந்து ஆரோ ஒருத்தியைக் கொண்டுவந்து விட்டு, இவள்தான் சுகந்தி எண்டுறியள். கண் தெரியாதவளை ஏய்க்கிறியள்."

அந்த ஆரோ ஒருத்தி வாசலில் தண்ணீர்ச் செம்போடு நின்றாள். நான் அம்மாவோடு சண்டை பிடித்தேன். வாய்க்கு வந்ததெல்லாம் சொன்னேன். ஏன் சண்டை பிடித்தேன் என்று எனக்கே தெரியாது. அம்மா மற்றப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அன்று மத்தியானம் நான் குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தேன். விறாந்தையில் அம்மா கதைப்பது கேட்டது. குரலைத் தாழ்த்தி, எனக்குக் கேட்காது என்ற நினைப்பில் கதைத்தார்.

"பிள்ளை, கிட்ட வாரும். நீர் வெளியாள். உமக்குப் பொய் சொல்ல வேண்டிய தேவை இல்லை. மாதா அறிய உண்மையைச் சொல்லும். என்ரை மகள் செத்துப்போனாளோ?"

அதோடு சுகந்தி உடைந்தாள். நான் அகப்பையால் தட்டித் தட்டி ஒட்டிவைத்ததெல்லாம் ஒரே அடியில் கழன்று போயிற்று.

"ஐயோ, இல்லம்மா! அப்பிடில்லாம் சொல்லாதம்மா! அவ நல்லாத்தாம்மா இருக்கா. உன்னையே நெனச்சுக்கிட்டுத்தாம்மா இருக்கா!"

மீன் கையோடு நான் வாசலுக்கு வந்துவிட்டேன். அம்மா கட்டிலில் எழும்பி உட்கார்ந்திருந்தார். முகம் விளக்கு ஏற்றின மாதிரி இருந்தது.

"நீர் அங்கத்தைப் பிள்ளையோ?" என்று கேட்டார். "ஏன் இவ்வளவு நாளும் சொல்லேல்லை? என்ரை மகளும் இப்பிடித்தான் கதைப்பாள். இஞ்சை ஒருத்தருக்கும் அப்பிடிக் கதைக்க வராது. எவ்வளவு வடிவாக் கதைப்பாள் தெரியுமோ? ஆமாம்மா, சாப்டேம்மா எண்டு... அதைக் கேட்டாத்தான் எனக்கு அண்டைக்கு நித்திரை வரும். நீரும் அந்தக் காம்பே? என்ரை பிள்ளையைக் கண்டனீரோ?"

"அம்மா, நாந்தாம்மா அது! நாந்தாம்மா சுகந்தி!"

அம்மா கையை மெல்ல இழுத்துக்கொண்டார். முகத்து வெளிச்சம் போய்விட்டது.

"பகிடி விடாதையும் பிள்ளை. நீர் இஞ்சை வேலைக்கு வந்த பிள்ளை. இவ்வளவு நாளும் எங்களைப் போலக் கதைச்சுப்போட்டு, இப்ப அவளைப் போலக் கதைச்சுக் காட்டினா நான் நம்புவனோ? என்ரை மகள் போனுக்கைதான் வருவாள்."

எனக்கு அப்போதுதான் விளங்கியது. என்ன பெரிய படிப்புப் படித்து விளங்க வேண்டிய விசயமா இது? நான் தேடினது முப்பது வருசத்துக்கு முந்தி வள்ளம் ஏறிப்போன ஒரு பெட்டையை. அம்மா அந்தப் பெட்டையை எப்போதோ வழியனுப்பிவிட்டார். அதற்குப் பிறகு அவருக்கு மகள் என்றால் காதுக்குள் வருகிற அந்தக் குரலும், அந்த ஆமாம்மாவும்தான். அக்கரைச் சொல்லாகப் பொறுக்கிப் பொறுக்கி அந்தக் குரல் மாறினபோது, அம்மாவும் கூடவே மாறி அதை விரும்பிக்கொண்டு வந்திருக்கிறார். வந்த அன்றைக்குச் சுகந்தி தன் பாட்டில் ஓடிப்போய், "அம்மா, வந்துட்டேம்மா" என்று ஒரு கூச்சல் போட்டிருந்தால் போதும். அந்த வாயைப் பொத்தினது நான்.

சுகந்தி என்னைத் தாண்டிக் கிணற்றடிப் பக்கம் போனாள். நான் பின்னால் போய், "தங்கச்சி" என்றேன்.

"நீங்க குடுத்த வார்த்தையெல்லாம் நீங்களே வச்சுக்குங்கக்கா," என்றாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். "என் புள்ளைய விட்டுட்டு வந்தேன். அம்மா கூப்பிடணும்னு வந்தேன். இப்ப அம்மாவுக்கு நான் செத்தே போயிட்டேன்."

என்னை விட வாய்க்காரி ஊரில் இல்லை என்பார்கள். நான் ஒரு வாளி தண்ணீர் அள்ளி அவளுக்கு முன்னால் வைத்தேன்.

அவள் முகத்தைக் கழுவினாள். சேலைத் தலைப்பால் துடைத்தாள். பிறகு இடுப்பிலிருந்த போனை எடுத்து என்னைப் பார்த்தாள். "போங்கக்கா. போய் அம்மாகிட்ட நில்லுங்க."

நான் விறாந்தைக்கு வர என் போன் அடித்தது. அம்மா துள்ளிவிட்டார். "எடு! எடு! அவள்தான்!" நான் போனை எடுத்தேன். அம்மாவின் காதில் வைத்தேன்.

"ஆர்?... சுகந்தியோ? எடி பிள்ளை! எங்கையடி போனனீ இவ்வளவு நாளும்?" அம்மாவின் கண்ணால் தண்ணீர் ஓடியது. "இவை உனக்குத் துக்கப் பூசை குடுக்கப் பாத்தவை தெரியுமோ?"

அட பொய்யே! அந்த அழுகையிலும் எனக்குச் சிரிப்பு வந்தது. போனுக்குள் சுகந்தியும் சிரித்து அழுதாள். "நல்லா இருக்கேம்மா. போன் ரிப்பேரும்மா. சாப்டியாம்மா?"

"இனிச் சாப்பிடுவன். இஞ்சை கேள். இஞ்சை ஒரு பிள்ளை என்னைப் பாக்கிறதுக்கு நிக்குது. உன்னைப் போலதான் கை. பாவம், அதுக்கும் ஆரும் இல்லைப் போலை. நீ வந்தா அதை அனுப்பிப்போடாதை, அதுவும் இருக்கட்டும். எப்ப வருவாய்?"

கிணற்றடியில் சுகந்தி கப்பித் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றதை நான் யன்னலால் பார்த்தேன்.

"வர்றேம்மா," என்றாள். "சீக்கிரம் வந்துடுறேன்."

அன்றைக்கு அம்மா வயிறு நிறையச் சாப்பிட்டார். பருக்கினவளிடம், "என்ரை மகள் எடுத்தவள். வாறாளாம்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். "ஓம் அம்மா," என்றாள் சுகந்தி. "கேட்டனான்."

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அப்படித்தான். பின்னேரம் தேத்தண்ணி கொடுத்துவிட்டுச் சுகந்தி கிணற்றடிக்குப் போவாள். மணி அடிக்கும். அம்மாவுக்கு உயிர் வரும். கதைத்து முடிய, அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்து அம்மாவின் காலை அமுக்கிவிடுவாள். சில்வெஸ்ரர் அந்த நேரம் வீட்டில் நிற்கமாட்டார். வலை பார்க்கப் போகிறேன் என்று கரைக்குப் போய்விடுவார். வலை எங்கே இருந்தது பார்க்க? பிறகு வேறு வழியாக அம்மாவுக்குச் சொல்லிப் பார்க்கவில்லையா என்று கேட்பீர்கள். சொன்னோம். பாதரைக் கொண்டும் சொல்லுவித்தோம். அம்மா எல்லோருக்கும் சிரித்தார், நம்பவில்லை. அதிகம் வற்புறுத்தினால் பயந்து நடுங்கினார். பிறகு விட்டுவிட்டோம்.

தவக்காலத்தில் அம்மாவுக்கு மூச்சு இழுக்கத் தொடங்கியது. பாதர் வந்து, சாகக் கிடப்பவர்களுக்குக் கொடுக்கிற அவஸ்தைப்பூசுதல் கொடுத்துவிட்டுப் போனார். அடுத்த நாள் காலமை, வெயில் விறாந்தைக்குள் வந்த நேரம், சுகந்தி அம்மாவின் கையைப் பிடித்தபடி கட்டிலடியில் இருந்தாள். அம்மாவின் விரல்கள் அவளுடைய விரல்களைச் சுற்றிக்கொண்டு கிடந்தன. மூச்சுக்கு மூச்சு இடைவெளி கூடியது. உதடு அசைந்தது. நான் குனிந்து கேட்டேன்.

"போன்."

நானும் சுகந்தியும் ஒருவரையொருவர் பார்த்தோம். பக்கத்தில் இருந்து கதைத்தால் அம்மா நம்பமாட்டார். கதைக்க வேண்டுமென்றால் வெளியே போக வேண்டும். வெளியே போவதென்றால் கையை விட வேண்டும். அவள் அந்தக் கையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"நான் பிடிக்கிறன்," என்றேன். "நீ போ."

அவள் அம்மாவின் விரல்களை ஒவ்வொன்றாகக் கழற்றி என் கைக்குள் வைத்தாள். முத்தமிட்டாள். எழும்பி ஓடினாள். இந்த முறை கிணற்றடிக்குப் போகவில்லை. முற்றத்தைத் தாண்டிப் படலைக்கு வெளியே போய் ஒழுங்கையில் நின்றாள். போன் அடித்தது. நான் அதை அம்மாவின் காதில் அழுத்திப் பிடித்தேன். வெளியே வந்த குரல் எனக்கும் கேட்டது.

"அம்மா! நான் வந்துட்டேம்மா! ஊருக்கு வந்துட்டேன். நம்ம வீட்டு வாசல்லதாம்மா நிக்கிறேன்!"

அம்மாவின் கண் திறந்தது. தெரியாத கண்ணால் வாசல் பக்கம் பார்த்தார். முகம் முழுவதும் சிரிப்பு. குரல் வரவில்லை, காற்றுத்தான் வந்தது. என் காதை வாய்க்கு மேலே வைத்துக் கேட்டேன்.

"சுகந்தி... வா பிள்ளை... படலை திறந்துதான் கிடக்கு."

"ஓடி வாடி!" என்று நான் கத்தினேன். "கூப்பிடுறா! ஓடி வா!"

அவள் ஓடி வந்தாள். போனை நிறுத்தாமலே ஓடினாள். அவளுடைய காலடிச் சத்தம் முற்றத்திலும் கேட்டது, அம்மாவின் காதிலிருந்த போனுக்குள்ளும் கேட்டது. அவள் விறாந்தையில் கால் வைத்தபோது என் கைக்குள் இருந்த விரல்கள் தளர்ந்துவிட்டன. அந்தச் சிரிப்பு மட்டும் அப்படியே இருந்தது.

அவள் கட்டிலடியில் விழுந்து அந்த முகத்தைப் பிடித்தாள். "அம்மா, வந்துட்டேம்மா, நாந்தாம்மா" என்று சொன்னாள். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"என்னக்கா சொன்னாங்க? எனக்குக் கேக்கலியே. என் பேரைச் சொன்னாங்களா?"

"ஓமடி," என்றேன். "சுகந்தி எண்டுதான் கூப்பிட்டவ. உன்னை வரச் சொன்னவ. படலை திறந்து கிடக்காம்."